கூப்பிட்டால்தான் இறங்கும் சம்மனசு

இனிமேல் தன்னுடைய கூத்தில் சம்மனசு இறங்காது என்று கிறகோரி சபதம் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம், கோவில் வாசலில், அத்தனை பேருக்கும் முன்னால். சபதம் போடுகிற மனிதன் வீட்டுக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு போட்டிருக்கலாம். மீறினாலும் சுவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அவருக்கு அந்தப் புத்தி எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

குருநகரில் கிறகோரிக்கு இரண்டு வேலை. விடியப்புறம் கடல், பின்னேரம் கூத்து. மீன்பிடியில் அவர் நடுத்தரம், அதை அவரே ஒத்துக்கொள்வார். கூத்தில் அவர் அண்ணாவியார். பாட்டுக் கட்டுவதும் பழக்குவதும் அவர்தான், ராசா வேசம் போடுவதும் அவர்தான். வருசா வருசம் கோவில் திருநாளுக்கு அவருடைய புதுக்கூத்து ஒன்று மேடையேறும். கதை மாறும், நாடு மாறும், ராணியின் பெயர் மாறும். முடிவு மட்டும் மாறாது. குற்றமில்லாத ராணியின் கழுத்துக்கு மேலே ராசாவின் வாள் ஓங்கி நிற்கும். அந்த நேரம் பார்த்து மேடைக்கு மேலே குறுக்காகப் போன வளை மரத்தில் கட்டிய கப்பி கிறீச்சிடும். வானதூதராகிய சம்மனசானவர், றெஜிபோம் என்கிற வெள்ளை நுரை அட்டையில் வெட்டிய இரண்டு செட்டைகளோடு கயிற்றில் இறங்குவார். "அரசே நிறுத்து" என்பார். அரசன் நிறுத்துவான். மங்களம் பாடிச் சனம் வீட்டுக்குப் போகும்.

போன திருநாளுக்கு இது பிசகிப் போயிற்று. ராசா வாளை உருவுவதற்கு முன்னமே முன்னுக்கு இருந்த பிள்ளைகள் "சம்மனசை இறக்குங்கோ" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் கழற்றி வைத்த செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றபடி சம்மனசைப் பார்த்தவர்களும் உண்டு. அதை ஒருவர் பிரான்சில் இருக்கிற சொந்தங்களுக்குப் போனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தார். அங்கேயிருந்தும் சிரிக்கிற மூஞ்சிப் படங்கள் வந்தனவாம்.

அதைக்கூடக் கிறகோரி விழுங்கியிருப்பார். சிசிலியா ரீச்சர் சொன்னதைத்தான் விழுங்க முடியவில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறது. நல்ல பிள்ளை, ஆனால் மனசில் பட்டதை வாயில் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"குறை நினையாதேங்கோ அண்ணாவியார்," என்றார் ரீச்சர், அந்த ஞாயிற்றுக்கிழமை. "உங்கடை கதை நல்லா முடிச்சுப் போடுது. பேந்து அவிழ்க்கத் தெரியாமல் நிக்குது. மேலையிருந்து ஒருத்தர் கத்தரிக்கோலோடை வந்து வெட்டிப்போட்டுப் போறார். அது முடிவில்லை. தப்பி ஓடுறது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கிறகோரிக்குக் காது சூடாகியது.

"இந்த முறை என்ரை கூத்திலை சம்மனசு இறங்காது, பிள்ளை. பார்த்துக்கொண்டிரும்," என்றார். போதாததற்கு, "இனி ஒரு நாளும் இறங்காது," என்றும் சேர்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், மனைவி லூர்த்தம்மா குந்தியிருந்து சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்னமே வந்து சேர்ந்துவிட்டது. குருநகரில் செய்தி நடப்பதில்லை, ஓடும்.

"சத்தியம் செய்யிறதெண்டால் முதல் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?" என்றாள் அவள், தலை நிமிராமல்.

"உன்னட்டை என்னத்துக்குக் கேக்க?"

"இல்லை, சும்மா சொன்னனான்."

லூர்த்தம்மாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து ஒத்திகை அவர்களுடைய முற்றத்தில்தான். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி ஊற்றி, ஒரு கூத்துப் பாட்டும் மிச்சமில்லாமல் அவளுக்குப் பாடமாகிவிட்டது. கிறகோரிக்கு நடுவில் மெட்டு மறந்தால், குசினி அடுப்படியிலிருந்து அவள் குரலில் அது மெல்ல வரும். அவர் ஒருதரம் செருமிவிட்டு, "ஓமோம், அதைத்தான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்," என்று தொடர்வார். தேத்தண்ணிக்கும் நன்றி சொன்னதில்லை, மெட்டுக்கும் சொன்னதில்லை. கெட்ட மனிதர் இல்லை, பாவம். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவது போல அது பாட்டுக்கு வருகிறது என்று நினைத்துவிட்டார்.

வருசத்தில் ஒருநாள் அவள் ஒன்று கேட்பாள். அன்றைக்கும் கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இந்த முறை எனக்கொரு வேசம் தாங்கோவன்."

"உனக்கோ?"

"ராணிக்கு ஒரு தோழி. ஒரு பாட்டு. ஒண்டே ஒண்டு."

"ராணியே எங்கடை ஜெயசுதன். ஜெயசுதனுக்குப் பக்கத்திலை நீ தோழியெண்டு நிண்டால் சனம் என்ன சொல்லும்?"

"ராணிக்கு மீசை முளைக்குது, தோழிக்கு முளைக்கேல்லை எண்டு சொல்லும்."

"விசர்க் கதை கதையாதை. எங்கடை மேடையிலை பொம்பிளையள் ஏறுறதில்லை."

"மற்ற இடங்களிலை இப்ப ஏறுகினம்தானே."

"பாப்பம்," என்றார் கிறகோரி.

அந்த வீட்டில் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். லூர்த்தம்மாவுக்கு அது தெரியும். மீன் சட்டியைக் கிணற்றடிக்குக் கொண்டு போனாள். அவளுக்கு உள்ளுக்குள் நோவு இல்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். ஒரு பாட்டை ஒருதரமாவது வெளிச்சத்தில் நின்று, முழுக் குரலில், சனம் கேட்கப் பாடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. குமராக இருந்த காலத்து ஆசை. இப்போது அவளுக்குப் பேரப்பிள்ளை இருக்கிறது, ஆசை மட்டும் கிழடாகவில்லை.

இந்த வருசத்துக் கதை அருளாசினி நாடகம். அருளாசினி ராணி நல்லவள். மந்திரி பொல்லாதவன். அவன் ராணியைப் பற்றி ராசாவிடம் இல்லாததும் பொல்லாததும் ஓதுகிறான். ராசா அதை நம்பி, வாளைத் தூக்குகிறார். அதுவரைக்கும் கிறகோரி கடகடவென்று எழுதிவிட்டார். வாள் தூக்கிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. ராசா கையைத் தூக்கியது தூக்கியபடி கிழமைக்கணக்கில் நிற்கிறார், இறக்கத் தெரியவில்லை. இதுவரை காலமும் அந்த இடத்தில் எழுத வேண்டியிருந்தது 'சம்மனசு வரவு' என்ற இரண்டு சொல் மட்டும்தான்.

ஒருநாள் கடலால் வந்து, சாப்பாட்டுக்கு முன்னால் இருந்துகொண்டு, அவர் உற்சாகமாகத் தொடங்கினார்.

"இஞ்சை கேள். முடிவு வந்திட்டுது. மந்திரியைப் பாம்பு கடிக்குது. அவன் சாகேக்கை உண்மையைச் சொல்லிப்போட்டுச் சாகிறான்."

"பாம்பு எங்கையிருந்து வந்தது?"

"காட்டுக்குள்ளையிருந்து."

"அரண்மனைக்குள்ளையோ?"

"அரண்மனைக்குப் பின்பக்கம் காடு."

"அப்ப உவ்வளவு நாளும் அந்தப் பாம்பு எங்கை போனது? கடைசி நாளிலைதான் அதுக்கு மந்திரியின்ரை ஞாபகம் வந்ததோ? சோத்தைச் சாப்பிடுங்கோ."

பாம்பு அதோடு செத்தது. இரண்டு நாள் கழித்து அவர் வேறொன்றோடு வந்தார். ராணிக்குக் கடல் கடந்த தேசத்தில் ஒரு தமையன். அவர் படையோடு கப்பலில் வந்து தங்கச்சியைக் காப்பாற்றுகிறார்.

"தமையனுக்கு ஆர் சொன்னது?"

"கேள்விப்பட்டு வாறார்."

"உதை ஒருத்தரும் நம்பாயினம். கனடாவிலையிருந்து அண்ணை வந்து எல்லாத்தையும் சரிக்கட்டுவார் எண்டு இஞ்சை எத்தினை வீட்டிலை பாத்துக்கொண்டிருக்கினம். வந்தவர் என்ன செய்தவர்? ரண்டு கிழமை வெக்கையெண்டு முனகினார், கருவாடு கட்டிக்கொண்டு போனார்."

"இவர் கனடா இல்லையடி, மலைநாட்டு அரசன்."

"எந்த நாடெண்டாலும் தமையன் தமையன்தான்."

அடுத்தது, எல்லாம் ராசா கண்ட கனவு. இதைக் கேட்டு லூர்த்தம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்கிறாய்?"

"இல்லை, அப்ப சனம் வெறும் நிலத்திலை கால் விறைக்க இருந்து பாத்தது ராசா நித்திரை கொண்டதையோ எண்டு யோசிக்கிறன்."

கிறகோரி கொப்பியை மூடிவிட்டு முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். திருநாள் கிட்ட வந்துவிட்டது. கொடியேற்றத்துக்குப் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம், "என்ன அண்ணாவியார், சம்மனசு வருமோ வராதோ?" என்று கேட்கிறான். அவருக்குச் சோறு இறங்கவில்லை. சபதத்தை மீறினால் இனி இந்த ஊரில் ஒருத்தன் அவரை அண்ணாவியார் என்று மதிக்கமாட்டான். மீறாவிட்டால் கூத்துக்கு முடிவில்லை. மனிதன் கறுத்துப் போனார். லூர்த்தம்மாவுக்கே அவரைப் பார்க்கப் பரிதாபமாகிவிட்டது.

"நான் ஒண்டு சொல்லட்டே?" என்றாள்.

"சொல்லு."

"அந்த ராசா தன்ரை மனுசியிட்டை ஒருக்கால் கேட்டானோ? நீ உப்பிடிச் செய்தனியோ எண்டு?"

கிறகோரி யோசித்தார். மந்திரியிடம் கேட்டிருக்கிறான். காவல்காரனிடம் கேட்டிருக்கிறான். சோதிடரிடம் கூடக் கேட்டிருக்கிறான், அதற்கு ஒரு முழுப் பாட்டு உண்டு.

"இல்லை," என்றார்.

"ஒருக்கால் கேட்டால் முடிஞ்சுது."

"அடி விசரி, முதலே கேட்டால் கூத்து அரை மணித்தியாலத்திலை முடிஞ்சிடும்."

"முதல் கேக்கச் சொல்லேல்லை. கடைசியிலை எண்டாலும் கேக்கலாமே."

"ராசா போய் மனுசியிட்டை விசாரிக்கிறதோ? ராசா எண்டால் ஒரு கெம்பீரம் வேணும். உனக்குக் கூத்தைப் பற்றி என்ன தெரியும்?"

லூர்த்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைக் கிறகோரி கவனித்திருந்தால் இந்தக் கதைக்கே தேவை வந்திராது. அவர் கவனிக்கவில்லை. அவருக்கு அந்த நேரம் பார்த்து முடிவு வந்துவிட்டது.

"தூதுவன்," என்றார். "மந்திரி மனம் மாறி ஒத்துக்கொண்டிட்டான் எண்டு ஒரு தூதுவன் ஓடி வாறான். 'நிறுத்துங்கள் அரசே' எண்டு கத்திக்கொண்டு வாறான். ஜெனிஸ்ரன் நல்லா ஓடுவான். முடிஞ்சுது அலுவல்."

"கடைசிச் சீனிலை ஓடி வாறவனுக்கும் கடைசிச் சீனிலை இறங்கிறவருக்கும் என்ன வித்தியாசம்?"

"இவன் மனுசன்."

"அவருக்குச் செட்டை, இவனுக்குச் செருப்பு. அவ்வளவுதான்."

ஆனால் கிறகோரி எழுதத் தொடங்கிவிட்டார். எழுதுகிற மனிதருக்குக் காது கேட்காது. லூர்த்தம்மா தேத்தண்ணி வைக்க எழும்பிப் போனாள். அன்றைக்குப் பின்னேரமே தன் தம்பி சூசைதாசனைக் கூப்பிட்டுக் கிணற்றடியில் வைத்து ஏதோ கதைத்தாள். சூசைதாசன்தான் வருசா வருசம் கப்பிக் கயிறு இழுக்கிறவன். இந்த வருசம் சம்மனசு இல்லாததால் அவனுக்கு வேலை இல்லை. அக்காவும் தம்பியும் கதைப்பதில் கிறகோரிக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

திருநாளன்று மேடை கட்டும்போதும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. வழமை போல வளைக்குக் கீழே நீலத் துணியில் மேகம் கட்டியிருந்தது.

"உது என்னத்துக்கு இந்த முறை?" என்று கேட்டார்.

"வடிவுக்கு அத்தான்," என்றான் சூசைதாசன். "சம்மனசு இல்லாட்டிலும் வானம் வேணும்தானே."

நியாயம்தான் என்று கிறகோரிக்கும் பட்டது. கிரீடத்தை எடுத்துக்கொண்டு வேசம் கட்டப் போய்விட்டார்.

கூத்துத் தொடங்கியது. மத்தளமும் தாளமும் சேர்ந்து எழும்ப, கிறகோரி தோளை உயர்த்திக்கொண்டு ராசா வரவு பாடி வந்தார். அந்த வயதிலும் அவர் வரவு பாடி வருகிற அழகே தனி. சனம் கைதட்டியது. திரைக்குப் பக்கத்தில் போன நேரம் பொம்பிளைகள் பக்கம் எட்டிப் பார்த்தார். லூர்த்தம்மா எப்போதும் இருக்கிற இடத்தில் அவள் இல்லை. ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்பாள் என்று நினைத்துக்கொண்டார். முன்வரிசையில் சிசிலியா ரீச்சர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

மந்திரி ஓதினான். ராசா நம்பினார். ராணி அழுதாள். ஜெயசுதன் அழுவது அவ்வளவு நன்றாக இருந்தது, பொம்பிளைகள் பக்கத்தில் மூக்குறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ராணி முழங்காலில் நின்று கழுத்தை நீட்டினாள். ராசா வாளைத் தூக்கினார். பாடினார்:

*வாளுக்கு இரையாகு மாதே - உந்தன்*
*வஞ்சகம் பலியாது தீதே*

பாடி முடித்துவிட்டு, தூதுவன் ஓடி வரவேண்டிய பக்கம் கண்ணைத் திருப்பினார். யாரும் வரவில்லை.

ஓடி வருகிறவன் கொஞ்சம் பிந்தலாம். கிறகோரி அந்த இரண்டு வரியையும் திரும்பப் பாடினார். மத்தளக்காரரும் ஒத்து அடித்தார். யாரும் வரவில்லை.

மூன்றாம் தரமும் பாடினார். இந்த முறை 'ஓடி வரும் காலடி கேட்கலையோ' என்று ஒரு வரியைத் தானாகச் சேர்த்துக்கொண்டு பாடினார். காலடி கேட்கவில்லை. மத்தளக்காரர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அண்ணை," என்றாள் ராணி, பல்லைக் கடித்துக்கொண்டு. "கழுத்து நோகுது."

"பொறு."

"எங்கை உவன் ஜெனிஸ்ரன்?"

"பொறு எண்டுறன்."

கிறகோரி வாளோடு மேடையைச் சுற்றி வந்தார். வந்து, வானத்து மழை மேகமே பார் என்று பாடினார். கடல் அலையே கேள் என்று பாடினார். தன்னுடைய குதிரையைப் பற்றி ஒரு வரி பாடினார். அந்தக் கூத்தில் குதிரையே இல்லை. வாள் பலகைதான் என்றாலும், தூக்கி வைத்த கை விறைத்துப் போயிற்று. வெட்டலாமா என்றால், திருநாளன்று ஒரு குற்றமில்லாத ராணியை வெட்டிவிட்டுச் சுவாமியார் முகத்தில் விழிக்க முடியாது. வெட்டாமல் விடலாமா என்றால், ஏன் விட்டார் என்பதற்கு ஒரு வரி எழுதவில்லை.

"அண்ணாவியார், வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "கடைசி பஸ் போகப்போகுது."

சனம் சிரித்தது. சிசிலியா ரீச்சர் சிரிக்கவில்லை, கையைக் கட்டியபடி பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் கிறகோரிக்குப் பெரிய வேதனை. நெற்றியில் வேர்வை வடிந்து மை கரைந்தது. மனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் நடிப்பில்லை. கோவில் வாசலில் எவ்வளவு கெம்பீரமாகச் சொல்லிவிட்டு, இப்போது எல்லாருக்கும் முன்னால் வெட்டவும் தெரியாமல் விடவும் தெரியாமல் நிற்கிறோமே என்று இருந்தது.

அப்படிக் கதிகலங்கிப் போகிற நேரத்தில் மனிதனுக்குப் பழக்கம்தான் கை கொடுக்கும். கிறகோரி தன்னையறியாமல் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். வாயிலிருந்து தானாக வந்தது.

"சம்மனசே," என்றார். "இறங்கி வாரும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் அதற்குள் மேலே கப்பி கிறீச்சிட்டது.

முதலில் நீலத் துணி விலகியது. பிறகு இரண்டு பாதம் தெரிந்தது. கிறகோரி அந்தப் பாதங்களை அண்ணாந்து பார்த்தார். குதி வெடித்த பாதம். வலது பெருவிரலுக்குப் பக்கத்தில் கெளிற்று மீனின் முள் குத்தின பழைய தழும்பு. அந்த முள்ளைப் பிடுங்கியது அவரேதான். தூதுவனைக் காணவில்லை என்று தவித்த மனிதனுக்கு, இப்போது தூதுவன் வந்தாலும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

லூர்த்தம்மா இறங்கினாள். வெள்ளைச் சீலை, முதுகில் றெஜிபோம் செட்டை, இடுப்பில் சூசைதாசன் கட்டின பட்டி. நிலத்துக்குக் கொஞ்சம் மேலே கயிறு நின்றது. சூசைதாசன் அதற்குமேல் விடவில்லை. ராசா நிமிர்ந்துதான் பார்க்கவேண்டும் என்பது அக்காவின் கட்டளை.

முன்னுக்கு இருந்த பிள்ளைகள் கத்தவில்லை. சம்மனசின் பேத்தி மட்டும், "அம்மம்மா," என்றது ஒருதரம். பிறகு அதுவும் அடங்கிவிட்டது, ஏனென்றால் லூர்த்தம்மா பாடத் தொடங்கிவிட்டாள்.

*கேளும் அரசே கேளும் - உம்*
*கிரீடம் இறக்கிக் கேளும்*
*நாளும் அயலார் சொல்லைக் கேட்டீர் - உம்*
*நாயகி சொல்லென்ன, கேளும்*

*ஊரைக் கேட்டீர், உலகைக் கேட்டீர் - உம்*
*உறவை ஒருதரம் கேட்டீரோ?*
*ஆரைக் கேட்டால் அறிவீர் அரசே - உம்*
*அருகில் நிற்பாளைக் கேட்டீரோ?*

கிறகோரியின் கொப்பியில் இந்தப் பாட்டு இல்லை. மெட்டு அவருடையதுதான், அவர் பாதியில் விட்ட மெட்டு. ஆனால் அது இப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது. குரல் மேலே ஏறி, கோவில் மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் போய், திரும்பி வந்தது. மத்தளக்காரர் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். பொம்பிளைகள் பக்கத்தில் ஒரு மூச்சும் இல்லை.

கிறகோரிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. முதலில் பெருமையாக இருந்தது, என்ரை மனுசி என்று. அடுத்த நிமிசம் வெட்கமாக இருந்தது. இந்தக் குரலை இவ்வளவு காலமும் குசினிக்குள் வைத்துத் தேத்தண்ணி ஊற்றவைத்திருக்கிறேனே என்று இருந்தது. அவர் கிரீடத்தைக் கழற்றினார். வாளைக் கீழே வைத்தார். அப்படியே முழங்காலில் நின்றார்.

"கேட்பீரோ அரசே?" என்றது சம்மனசு, பாட்டை விட்டு வசனத்தில்.

"கேப்பன்," என்றார் ராசா.

"எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

"கேப்பன்," என்றார் அவர், குரலை உயர்த்திப் பிலத்து.

"அப்ப கேளும்."

ராசா ராணியைத் திரும்பிப் பார்த்தார். "அருளாசினி, நீ குற்றம் செய்தனியோ?" என்று கேட்டார். ஜெயசுதனுக்கு இந்த இடத்தில் வசனம் இல்லை. அவன் வாயைத் திறந்துகொண்டு சம்மனசைப் பார்த்தான். சம்மனசு மெதுவாகச் சொல்லிக் கொடுத்தது.

"நான் குற்றமில்லாதவள்," என்றாள் ராணி. "ஒருத்தரும் கேக்கேல்லை. அதுதான் சொல்லேல்லை."

பொம்பிளைகள் பக்கத்திலிருந்து எழும்பிய கைதட்டு, ஆம்பிளைகள் பக்கத்துக்குப் பரவிப் பந்தலையே நிரப்பியது. யாரும் செருப்பைத் தேடவில்லை. பஸ்ஸுக்கு அவசரப்பட்ட மனிதரும் எழும்பி நின்று தட்டினார்.

திரை விழுந்ததும் கிறகோரி எழும்பினார். எழும்பினதும் பழைய அண்ணாவியார் திரும்பி வந்துவிட்டார்.

"எங்கை உவன் ஜெனிஸ்ரன்?"

ஜெனிஸ்ரன் மேடைக்குப் பின்னால் வாங்குப் பலகையில் குந்தியிருந்து பிட்டும் கணவாய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தூதுவன் உடுப்பில் குழம்பு பட்டிருந்தது.

"அண்ணை, நீங்கள் முடிவை மாத்திப்போட்டியளாம், நான் ஓடத் தேவையில்லையாம் எண்டு சொல்லி லூர்த்தம்மா அக்காதான் கூத்துக்கு முன்னமே சாப்பாடு தந்தவ," என்றான். "மாத்தினது நல்லது அண்ணை. நான் ஓடி வந்திருந்தால் உவ்வளவு கைதட்டு வந்திராது."

சூசைதாசன் அக்காவின் இடுப்புப் பட்டியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கிறகோரி அவளுக்கு முன்னால் போய் நின்றார். என்ன சொல்வது என்று தெரியவில்லை. அதனால் சண்டை பிடித்தார்.

"ஒரு சொல்லுச் சொல்லாமல், கடைசி நேரத்திலை வந்து குதிச்சிருக்கிறாய்."

"உங்களுக்குத்தான் அது கடைசி நேரம்," என்றாள் லூர்த்தம்மா. "நான் கூத்துத் தொடங்க முன்னமே ஏறி வளையிலை இருக்கிறன். கால் விறைச்சுப் போச்சு."

"என்ரை சபதத்தை முறிச்சுப் போட்டாயே."

"நானோ? நீங்கள் கூப்பிடாட்டில் இறங்கியிருக்கமாட்டன். தூதுவன் இல்லாமல் நீங்களே ராணியிட்டைக் கேட்டிருந்தால், அப்பிடியே பின்பக்கத்தாலை இறங்கித் தேத்தண்ணி ஊத்தப் போயிருப்பன். சூசைதாசனைக் கேட்டுப் பாருங்கோ."

சூசைதாசன் தலையை ஆட்டினான்.

"அப்ப நான் கூப்பிடுவன் எண்டு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உவ்வளவு காலம் உங்களோடை குடும்பம் நடத்திறன். தொப்பியைக் காணேல்லை எண்டாலும் ஆரைக் கூப்பிடுறனீங்கள்?"

கிறகோரி மேலே வளையை அண்ணாந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உவ்வளவு உயரத்திலை பயமாய் இருக்கேல்லையோ?" என்று கேட்டார்.

"பயம்தான். கீழை பாத்தால் உங்கடை கிரீடத்துக்கு நடுவாலை வழுக்கை தெரிஞ்சுது. அதையே பாத்துக்கொண்டிருந்தன். பேந்து பயம் போயிட்டுது."

கிறகோரி செட்டைகளை அவளுடைய முதுகிலிருந்து கவனமாகக் கழற்றினார். "நல்லாப் பாடினனி," என்றார். அதை அவர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சீலைத் தலைப்பால் துடைத்தாள்.

அந்த நேரம் திரையை விலக்கிக்கொண்டு சிசிலியா ரீச்சர் உள்ளே வந்தார். கிறகோரி செட்டைகளைக் கீழே வைத்தார். ரீச்சரை முந்திக்கொண்டு தானே தொடங்கினார்.

"சொல்லும் பிள்ளை. சம்மனசு இறங்கிட்டுது. கதைக்கு முடிவில்லை, தப்பி ஓடுறது. சொல்லும், வாங்கிக்கொள்ளுறன்."

"இல்லை அண்ணாவியார்," என்றார் ரீச்சர். "உங்கடை கூத்திலை நான் பாத்த அளவிலை, இந்த முறைதான் முடிவு நம்பக்கூடியதாய் இருந்தது."

கிறகோரியின் நெஞ்சு நிமிர்ந்தது. மனைவியை ஒருதரம் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார்.

"மெய்யே? சம்மனசு இறங்கினதைச் சனம் நம்பிச்சுதோ?"

"சம்மனசை ஆர் நம்பினது? லூர்த்தம்மா அக்கா சொன்ன உடனை நீங்கள் முழங்காலிலை நிண்டியள், அதைத்தான் குருநகர் முழுக்க நம்பிச்சுது."